பழுது திணைக்களத்தின் சொத்து

திங்கட்கிழமை பின்னேரம், கால்வாய்க் கரையில் சேறு அள்ளி முடித்துவிட்டு ஒழுங்கையால் வெளியே வந்துகொண்டிருந்த மஞ்சள் லோடர், காலி வீதி என்னும் பெருந்தெருவுக்குக் கூப்பிடு தூரத்தில் ஸ்டியரிங் இறுகி நின்றுவிட்டது. அந்த வகை யந்திரத்துக்குச் சில்லுகள் திரும்புவதில்லை. இடுப்பு மடிந்துதான் அது திரும்பும். வளைவில் மடிந்த இடுப்பு மறுபடி நிமிரவில்லை. வாளி ஒரு பக்க மதிலில் முட்டவும் பின்புறம் மற்ற மதிலை உரசவும், ஒழுங்கைக்குக் குறுக்கே ஒரு பெரிய மஞ்சள் படலையைச் சாத்திவிட்டது போல் ஆயிற்று.

வெள்ளவத்தையின் அந்த ஒழுங்கைக்கு ஒரு வாய்தான். மறுமுனையில் கால்வாய். கரையில் அன்று அள்ளிக் குவித்த சேறு இடுப்பளவு. அதற்கப்பால் முட்கம்பி வேலி. லோடர், சேறு, வேலி மூன்றும் கால்வாய் யந்திரத் திணைக்களத்துக்குச் சொந்தமானவை.

நாள் முழுக்கக் கேட்ட இரைச்சல் அடங்கியதும் உஷாந்தி நிம்மதியாகத்தான் வெளியே வந்தாள். அவள் மொண்டிசோரிப் பள்ளியொன்றில் படிப்பிக்கிறவள். அம்மா இறந்தபின் அப்பாவும் அவளும்தான் வீட்டில். அப்பா கனகசபாபதி அரசாங்க மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டதால், செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் அவர் உடம்பு தாங்காது.

"எப்ப எடுப்பியள்?" என்று சாரதியிடம் கேட்டாள்.

சாரதி நோபேட் கொட்டாஞ்சேனைக்காரர். யந்திரத்தின் பக்கத்திலிருந்த கண்ணாடிக் குழாயை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "ஒஃபிசுக்குச் சொல்லிட்டன் மிஸ். எண்ணெய் குறைஞ்சிருக்கும் எண்டு நினைச்சன். எண்ணெய் சரியாத்தான் இருக்கு. எனக்கு ஓட்டத்தான் தெரியும், உள்ளுக்கு என்ன நடக்குதெண்டு தெரியாது. காலையில ஆக்கள் வருவாங்க."

"காலையில அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேணும்."

"அதுக்குள்ள எடுத்திருவாங்க மிஸ்."

காலையில் ஆட்கள் வரவில்லை. லோடரின் கேபினுக்குள்ளால் ஏறி மற்றப் பக்கம் இறங்க அப்பாவின் கால்கள் இடம் கொடுக்கவில்லை. உஷாந்தி திணைக்களத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். எடுத்த பெண் "என்ன பிரச்சினை?" என்று கேட்க, "ஸ்டியரிங் வேலை செய்யேல்ல" என்றாள். அந்தப் பெண் உடனே இணைப்பை மாற்றிவிட்டாள். மறுமுனையில் ஒரு ஆண்குரல் மிகுந்த தயக்கத்தோடு, தாங்கள் மாதத்துக்கு ஒருமுறை கூடுவதாகவும், போன கூட்டத்துக்குப் போதிய அங்கத்தவர் வராமல் கோரம் இல்லாமல் போனது உண்மைதான் என்றும், அதற்காக வேலையே செய்வதில்லை என்று சொல்வது நியாயமல்ல என்றும் சொன்னது. அது திணைக்களத்தின் வழிநடத்தற் குழு, ஆங்கிலத்தில் ஸ்டியரிங் கமிட்டி. உஷாந்தி தான் சொல்வது ஒழுங்கைக்குள் நிற்கும் லோடரைப் பற்றி என்று விளங்கப்படுத்த, அந்தக் குரல் நிம்மதியடைந்து, அதற்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்று போனை வைத்தது.

ஆஸ்பத்திரித் தாதி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். "தண்ணி குறையக் குடுங்க. இளநீர் வேண்டாம், வாழைப்பழம் வேண்டாம். எப்ப கொண்டுவந்தாலும் நாங்க மெசின்ல போடுறம். மூச்சு வாங்கினா வச்சிருக்காதீங்க."

கனகசபாபதி மகளைத் தேற்றினார். "அரசாங்கத்துக்கு ஒரு முறை இருக்கும் பிள்ளை. பிந்தினாலும் செய்வினம். நான் முப்பது வருசம் உள்ளுக்கு இருந்து பாத்தனான்."

முறை அன்று மத்தியானம் வந்து சேர்ந்தது. பிரதிப் பணிப்பாளர் பௌஸியும் அவருக்குப் பின்னால் நான்கு உத்தியோகத்தர்களும். பௌஸி மெல்லிய, மரியாதையான மனிதர். கையில் 'பழுதறி கைநூல்' இருந்தது. முதற்கட்டம், பழுது உண்டா என்பதை ஒவ்வொரு உத்தியோகத்தரும் தனித்தனியாக உறுதி செய்தல். ஒவ்வொருவராக ஏணியில் ஏறி, ஆசனத்தில் அமர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பப் பார்த்து, இறங்கிவந்து மற்றவர்களுக்குக் கேட்காமல் பௌஸியின் காதில் தங்கள் முடிவைச் சொன்னார்கள்.

முடிவுகள் ஒத்துப்போகவில்லை. இருவர் 'இறுக்கம்' என்றார்கள். இருவர் 'இயங்காமை' என்றார்கள். கைநூலில் அவை வெவ்வேறு அத்தியாயங்கள். வெயில் சாயும்வரை விவாதம் நடந்தது. வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருப்பவர் ஓய்வுபெற்ற அரசாங்க மொழிபெயர்ப்பாளர் என்று யாரோ சொல்ல, பௌஸி கேபினுக்குள்ளால் ஏறி இறங்கி அவரிடமே வந்தார்.

"ஐயா, நீங்கதான் ஒரு முடிவு செல்லணும்."

கனகசபாபதியின் முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார். "இறுக்கமெண்டால் கொஞ்சமாவது திரும்ப வேணும். அறவே திரும்பேல்லை எண்டால் இயங்காமை."

பௌஸி தலைகுனிந்து நன்றி சொன்னார். நான்கு பேரும் எழுதிக்கொண்டார்கள். பிறகு வேலை நேரம் முடிந்துவிட்டது.

உஷாந்தி அவர் பின்னால் ஓடினாள். "இயங்காமை எண்டு தெரிஞ்சிட்டுதெல்லோ. இனித் திருத்தலாம்தானே?"

பௌஸி நின்று, அவளை உண்மையான பரிவோடு பார்த்தார். "மிஸ், நான் செல்றத கேளுங்க. பழுதக் கண்ட உடனே திருத்துறது பழைய காலத்து முறை. எங்கட யாட்ல ஓடாத யந்திரம் நிறைய ஈக்கிது. ஏன் ஓடல்லண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. எல்லாம் எங்களுக்கு முந்தின ஆக்கள்ட காலத்துல நிண்டது. இது அப்படி இல்ல. நேத்து வரைக்கும் ஓடின யந்திரம். புத்தம் புதுப் பழுது. இப்படி ஒண்டு எங்களுக்குக் கிடைக்கிறதே இல்ல."

"அப்பாவுக்கு இண்டைக்கு டயலிசிஸ் தவறிப்போட்டுது."

"அதுதான் செல்றேன். நாளைக்கே பயிற்சிப் பட்டறை வெக்கிறோம். வழமையா அனுமதி எடுக்க மூணு மாசம் செல்லும். உங்கட வாப்பாட நிலமையப் பாத்து நான் இப்பவே போன்ல எடுத்துட்டேன்."

புதன்கிழமை விடிய ஒழுங்கை வாயில் பந்தல் போட்டிருந்தது. பிளாஸ்டிக் கதிரைகள், ஒலிபெருக்கி, குத்துவிளக்கு, பல மாவட்டங்களிலிருந்து வந்த பயிலுநர்கள். யந்திரத்தின் வாளியில் மும்மொழிப் பதாகை கட்டியிருந்தார்கள். சிங்களமும் ஆங்கிலமும் சரியாக இருந்தன. தமிழில் ஹைட்ரோலிக் என்பதற்கு 'நீரியல்' என்று வரவேண்டிய இடத்தில் 'நீரிழிவு' என்று விழுந்திருந்தது. நீரிழிவுப் பழுதறிதல் பயிற்சிப் பட்டறை என்று வாசித்துவிட்டு, அடுத்த ஒழுங்கை இரத்தினம்மா காலைச் சாப்பாடு சாப்பிடாமல் சீனி பார்க்க வந்துவிட்டார். அவரிடம் வரவுக்குக் கையொப்பம் வாங்கி, சீனி போட்ட தேத்தண்ணி கொடுத்து, முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

ஒழுங்கைக்காரர்கள் அதுவரை கேபினுக்குள்ளால்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள். ஒரு பக்க ஏணியில் ஏறி, ஆசனத்தைக் கடந்து, மற்றப் பக்க ஏணியால் இறங்குவது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகவும் இருந்தது. புதன்கிழமை பாதுகாப்பு உத்தியோகத்தர் டில்ஷானி வந்து அதை ஒழுங்குபடுத்தினாள். ஆசனத்தைக் கடப்பவர் கடக்கும் நேரத்துக்கு இயக்குநராகவே கருதப்படுவார் என்று விதி. ஆகையால் ஒவ்வொருவரும் ஹெல்மட் போட்டு, மஞ்சள் அங்கி அணிந்து, அவள் வாசிக்கும் பாதுகாப்பு அறிவுறுத்தலைக் கேட்டபின்தான் கடக்கலாம். விரிவுரை நடக்கும்போது கடக்கவே முடியாது. மீன் வாங்கப் போன ஒருவர் விரிவுரை முடியும்வரை ஹெல்மட்டோடும் மீன் பையோடும் பந்தலில் உட்கார்ந்திருந்தார். தனக்கு மூன்றாம் அமர்வு நன்றாக விளங்கியது என்று பிறகு சொன்னார்.

உஷாந்திக்கு இவை எதுவும் சிரிப்பாக இல்லை. அப்பாவின் கால்கள் வீங்கி, செருப்பின் வார் தோலுக்குள் புதைந்திருந்தது. இரவு முழுக்க அவர் படுக்கவில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது என்று சுவரில் சாய்ந்தபடி இருந்தார். தண்ணீர் கேட்கும்போதெல்லாம் அவள் ஈரத் துணியால் உதட்டைத் துடைத்துவிட்டாள். கேட்பதை அவர் நிறுத்திய நேரத்தில்தான் அவளுக்குப் பயம் வந்தது. அம்புலன்ஸுக்குப் போன் அடித்தாள்.

அம்புலன்ஸ் காலி வீதிப் பக்கம் வந்து நின்றது. அதில் வந்த இருவரும் கேபினுக்குள்ளால் கடந்து வந்து, அவரைப் பார்த்துவிட்டு, மறுபடி லோடரைப் பார்த்தார்கள். ஸ்டிரெச்சர் அதற்குள்ளால் போகாது. சேற்றுப் பக்கம் நடந்து பார்த்த ஒருவர் தொடைவரை புதைந்து திரும்பினார். கடைசியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் அவரை உட்காரவைத்து, அயலவர்களும் சேர்ந்து தூக்கிக்கொண்டு போனார்கள். பந்தலில் தேநீர் இடைவேளை. நோபேட் கேபினுக்குள் நின்று கை நீட்டினார்.

டில்ஷானி கையிலிருந்த தாளோடு வந்தாள். விதிப்படி வாசிக்கத் தொடங்கினாள். "இயக்குநர் ஆசனத்தைக் கடக்க முன்..." கதிரையில் இருந்தவரின் முகத்தைப் பார்த்தாள். தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, ஹெல்மட்டை மட்டும் தயங்கித் தயங்கி நீட்டினாள். "அங்கிள், இது மட்டும். இல்லாட்டி எனக்கு ஏசுவாங்க."

கனகசபாபதி ஹெல்மட்டைப் போட்டுக்கொண்டார்.

கதிரை கேபின் வாசலில் இறுகிக்கொண்டது. சரித்துப் பார்த்தார்கள். கதிரையை விட்டுவிட்டு ஆளை மட்டும் தூக்கப் பார்த்தார்கள். அவர் பெரிய உடம்புக்காரர். உள்ளே எடுக்க இடுப்போடு மடிக்க வேண்டியிருந்தது. மடித்ததும் அவருக்கு மூச்சு அடைத்தது. உதடு கறுத்தது. ஒரு கை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது.

"இறக்குங்கோ," என்றாள் உஷாந்தி. "இறக்குங்கோ, இறக்குங்கோ."

இறக்கி, ஒழுங்கைத் தரையிலேயே சாய்த்து, அம்புலன்ஸில் இருந்த ஒட்சிசனை நீட்டிப் பிடித்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வந்தது. ஹெல்மட்டைக் கழற்ற யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அம்புலன்ஸ்காரர்கள் சிலிண்டரை அவரிடமே விட்டுவிட்டு, பாதை திறந்ததும் கூப்பிடச் சொல்லிவிட்டு, வேறு அழைப்புக்குப் போனார்கள். பந்தலில் மணி அடித்தது. நான்காம் அமர்வு ஆரம்பமாயிற்று.

அன்று பின்னேரம் உஷாந்தி தோழி யோசெப்பினுக்குப் போன் எடுத்து அழுதாள். யோசெப்பின் கொட்டாஞ்சேனையில் இருப்பவள், அழுவோரோடு சேர்ந்து அழும் வழக்கம் இல்லாதவள். மருதானையில் யந்திரம் திருத்தும் ரிம்ஸானை அடுத்த நாள் காலையில் அனுப்பிவைத்தாள்.

ரிம்ஸான் லோடரைச் சுற்றி வந்து பார்த்தான். "அக்கா, நான் பொய் செல்ல மாட்டேன். நான் கூடுதலா வேல செய்யிறது போர்க்லிப்ட்ல. இந்தப் பெரிய சாதியில ரெண்டு மூணுதான் தொறந்திருக்கேன். வாளி தூக்குதா?"

"தூக்குது," என்றார் நோபேட். "அதுக்கு ஒரு குறையும் இல்ல."

"அப்ப பம்ப் நல்லம் போல. எண்ணெய் பம்ப்ல இருந்து வந்து எங்கயோ நிக்கிது. ஃபில்டரா இருக்கலாம், வால்வா இருக்கலாம், ஸ்டியரிங்குக்குக் கீழ இருக்கிற யூனிட்டா இருக்கலாம். தொறந்து பாத்தாத்தான் தெரியும். பிழையாப் போகவும் ஏலும்."

திறக்க அனுமதி கேட்க உஷாந்தி அவனைப் பந்தலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அன்று சான்றிதழ் வழங்கும் விழா. மேடையில் பௌஸி பேசிக்கொண்டிருந்தார். மேடையில் அவர் தமிழ் வேறு தமிழாகிவிடும்.

"அன்பர்களே, இரண்டு நாட்களாக நாம் இந்த யந்திரத்தோடு வாழ்ந்தோம். சிலர் கேட்கிறார்கள், பழுது என்னவென்று கண்டுபிடித்துவிட்டீர்களா என்று. நான் அவர்களைக் கேட்கிறேன், கண்டுபிடித்திருந்தால் இன்று நாம் இங்கே இருப்போமா? தனியார் துறையில் ஒரு மணித்தியாலத்தில் திருத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே யார் என்ன கற்றுக்கொள்கிறார்கள்? இந்தத் திணைக்களம் ஆரம்பித்த நாளிலிருந்து நாம் அவசரப்பட்டு எதையும் திருத்தியதில்லை. அதனால்தான் இன்றைக்கும் நமக்கு வேலை இருக்கிறது."

கைதட்டினார்கள். அவர் உஷாந்தியைக் கண்டு முகம் மலர்ந்தார். "இந்த ஒழுங்கையின் பயனாளி ஒருவர் வந்திருக்கிறார். அவரை இரண்டு வார்த்தை பேச அழைக்கிறேன்."

யாரோ அவள் கையில் ஒலிவாங்கியைத் திணித்தார்கள்.

"நான் பயனாளி இல்லை," என்றாள். ஒலிபெருக்கியில் தன் குரல் பெரிதாய்க் கேட்டது அவளுக்கே வெட்கமாக இருந்தது. "அப்பாவுக்கு செவ்வாய்க்கிழமை டயலிசிஸ். போகேலாமப் போச்சு. நேற்றுத் தூக்கிக்கொண்டு வரப் பாத்தம், மூச்சு நிண்டு போச்சு. இப்ப அவர் கதைக்கிறாரில்லை. நான் தண்ணி குடுக்கிறேல்ல. குடிக்கக் கேட்ட மனுசனுக்கு நான் தண்ணி குடுக்கேல்ல. உங்களுக்குப் பழுது வேணுமெண்டால் வேற எங்கயும் கொண்டுபோய் வச்சுப் படியுங்கோ. எனக்கு ஒரு கதிரை போற அளவுக்கு வழி விடுங்கோ. அவ்வளவுதான்."

பயிலுநர்களில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் சிங்களத்தில் சொன்னார். சொல்லி முடித்ததும் எல்லோரும் எழுந்து நின்று, நெடுநேரம் கைதட்டினார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். பௌஸி ஒலிவாங்கியைத் திரும்ப வாங்கினார். இதுவரை திணைக்களம் நடத்திய எந்தப் பட்டறையிலும் சமூகத்தின் குரல் இவ்வளவு ஆழமாகப் பதிவானதில்லை என்றும், இதை அப்படியே அறிக்கையில் சேர்க்கப்போவதாகவும் சொன்னார். ரிம்ஸானுக்கு அனுமதி கிடைக்கவில்லை. அவனிடம் சான்றிதழ் இல்லை. அடுத்த பட்டறைக்குப் பதியலாம் என்றார்கள்.

பகற்சாப்பாடு காலி வீதியில் ஒரு மண்டபத்தில் ஏற்பாடாகியிருந்தது. எல்லோரும் அங்கே போனார்கள். பந்தலில் கதிரைகளும், லோடரோடு நோபேட்டும், உஷாந்தியும் ரிம்ஸானும் மிஞ்சினார்கள்.

நோபேட் அந்த மூன்று நாளும் யந்திரத்தை விட்டுப் போகவில்லை. அடுத்த மாசம் அவருக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். உஷாந்தி அவரிடம் எதுவும் கேட்கவில்லை.  பந்தல் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நோபேட் ஆசனத்துக்குப் பின்னாலிருந்த திருத்துவேலை ஆயுதப் பெட்டியைத் தூக்கி ரிம்ஸானுக்கு முன்னால் வைத்தார். "திற தம்பி. என்ன வந்தாலும் நான் சொல்லிக்கிறன்."

ரிம்ஸான் முதலில் ஃபில்டரைக் கழற்றினான். அது சுத்தமாக இருந்தது. மறுபடி பூட்டி எஞ்சினைப் போட்டுப் பார்த்தார்கள். ஸ்டியரிங் அசையவில்லை. பிறகு ஒரு குழாயைக் கழற்ற, எண்ணெய் பீறிட்டு அவன் சட்டையை நனைத்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. "ரெண்டாவதும் பிழை," என்றான்.  மண்டபத்துப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மூன்றாவதாக, பம்பிலிருந்து வரும் எண்ணெயை ஸ்டியரிங்குக்கு முதலும் வாளிக்குப் பிறகும் பிரித்துவிடும் வால்வைத் திறந்தான். உள்ளே வழுக்கிப் போய்வர வேண்டிய இரும்புத் தண்டு அசையாமல் நின்றது. இடுக்கியால் இழுத்தபோது, ஏதோ பழைய குழாயிலிருந்து பிய்ந்து வந்த ரப்பர்த் துண்டு ஒன்று, புளியங்கொட்டை அளவு, அதோடு சேர்ந்து வந்தது. அது தண்டைச் சிறைப்பிடித்திருந்ததால், வந்த எண்ணெய் முழுக்க வாளிக்கே போயிருக்கிறது.

துடைத்து, திரும்பப் பூட்டினான். நோபேட் ஏறி எஞ்சினைப் போட்டு, ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பினார். லோடரின் இடுப்பு ஒரு பெருமூச்சோடு நிமிர்ந்தது. நேராகி, மதிலை விட்டு விலகி, பதாகையையும் சுமந்துகொண்டு காலி வீதி ஓரத்துக்குப் போய் நின்றது.

உஷாந்தி யாருக்கும் நன்றி சொல்லவில்லை. ஒரு த்ரீவீலை மறித்து வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு போனாள். அப்பாவை ஏற்றும்போது அவர் கண்ணைத் திறந்து, மதிலைத் தாண்டித் தெரிந்த வீதியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் தாதிகள் ஒன்றும் கேட்காமல் அவரை மெசினில் போட்டார்கள்.

பிறகு நடந்ததை நோபேட் போனில் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

சாப்பிட்டு வந்த பௌஸி காலியான ஒழுங்கையை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாராம். கோபப்படவில்லை. "பழுது எங்க?" என்று மட்டும் கேட்டாராம். ரிம்ஸான் கால்வாயைக் காட்டினான். துண்டை அதற்குள் எறிந்திருந்தான்.

"தம்பி, அது திணைக்களத்துட சொத்து," என்றார் பௌஸி. "நாளைக்கு ரெண்டாம் அணி வருது. அவங்களுக்கு நான் என்னத்தக் காட்டுறது? யந்திரம் எந்த நிலமையில ஒப்படைச்சதோ அந்த நிலமைக்கு வரணும்."

ரிம்ஸான் மறுத்துவிட்டு மருதானைக்குப் போய்விட்டான். ஆகையால் காலையில் சான்றிதழ் பெற்றவர்களிடம் பொறுப்பு வந்தது. நோபேட் லோடரைப் பழைய இடத்தில், பழைய கோணத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். பயிலுநர்கள் பழுதை மீள ஏற்படுத்தத் தொடங்கினார்கள். எண்ணெயைக் குறைத்தார்கள். ஸ்டியரிங் வேலை செய்தது. ஒரு குழாயை மடக்கிக் கட்டினார்கள். ஸ்டியரிங் வேலை செய்தது. ஃபில்டருக்குள் துணி வைத்தார்கள், வாளி நின்றுபோயிற்று, ஸ்டியரிங் முன்னையதை விட இலகுவாகத் திரும்பியது. கைநூலில் பழுதை அகற்றும் வழிகள் இருந்தனவே தவிர, உண்டாக்கும் வழி ஒன்றும் இல்லை. பின்னேரம்வரை போராடியும் அவர்களால் அந்த யந்திரத்தைக் கெடுக்க முடியவில்லை.

கடைசியில் டில்ஷானிதான், அறியாமல், வழி சொன்னாள். யந்திரத்தை லொறியில் ஏற்றும்போது இடுப்பு ஆடாமலிருக்க ஒரு இரும்புத் தண்டை மாட்டிப் பூட்டுவது வழக்கம். இவ்வளவு பேர் ஏறி இறங்கும்போது அதை மாட்டிவைப்பது பாதுகாப்பு என்று அவள் சொல்ல, மாட்டினார்கள். யந்திரம் திரும்பவில்லை. பௌஸி தானே ஏறித் திருப்பிப் பார்த்தார். முந்திய பழுதை விட இது தெளிவானது, ஆரம்பநிலைப் பயிலுநர்களுக்கு ஏற்றது என்றார். பிறகு நோபேட்டை அழைத்து, அனுமதியின்றி அரச யந்திரமொன்றைத் திருத்தியதற்காக விளக்கம் எழுதித் தரச் சொன்னார்.

"என்ன எழுதப் போறியள்?" என்று உஷாந்தி கேட்டாள்.

"தெரியாது மிஸ். இனிச் செய்ய மாட்டன் எண்டு எழுதச் சொல்றாங்க. ஐயா எப்படி?"

"நித்திரையா இருக்கிறார். மூச்சு சீரா வருது."

"அப்ப ஏதாவது எழுதிக்குடுப்பம்," என்றார் நோபேட்.

பொழுதுபடும் நேரத்தில் த்ரீவீல் அவர்களை ஒழுங்கை வாயில் கொண்டுவந்து நிறுத்தியது. லோடர் குறுக்கே நின்றது. பந்தலுக்குப் புதுத் துணி கட்டிக்கொண்டிருந்தார்கள். பௌஸி விரைந்து வந்து குனிந்து உள்ளே பார்த்தார்.

"ஐயா நல்லா ஈக்கிறாரு. மாஷா அல்லாஹ். உள்ள போறதுண்டா ஹெல்மட் தயாரா ஈக்கிது."

கனகசபாபதி அவரைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். "அடுத்த தரம் எப்ப?"

"திங்கட்கிழமை வரச் சொன்னவை."

"இவையின்ர படிப்பு எப்ப முடியும்?"

உஷாந்தி பௌஸியைப் பார்த்தாள். அவர் மகிழ்ச்சியோடு சொன்னார். "இன்ஷா அல்லாஹ், மூணாம் அணிக்கும் இப்பவே ஆக்கள் பதியுறாங்க."

 கனகசபாபதி, பின்னேரம் முழுக்க ஊசி குத்தியிருந்த கையை மடியில் வைத்திருந்தார். "என்ர மருந்தும் உடுக்க ரெண்டு சாரமும் எடுத்துக்கொண்டு வா பிள்ளை," என்றார். "நான் இஞ்சையே இருக்கிறன். உள்ள போனால் இவங்கள் என்னை வெளியில விட மாட்டாங்கள்."

உஷாந்தி யோசெப்பினுக்குப் போன் எடுத்தாள். "கீழ் ரூம் சும்மாத்தான் இருக்கு, வாங்க," என்றாள் அவள், வேறெதுவும் கேட்காமல்.

டில்ஷானி நீட்டிய ஹெல்மட்டைப் போட்டு, அங்கியை மாட்டி, உஷாந்தி கேபினுக்குள்ளால் ஏறி இறங்கி வீட்டுக்குப் போனாள். மருந்துகளையும் உடுப்புகளையும் ஒரு பையில் திணித்தாள். காஸ் சிலிண்டரைப் பூட்டினாள். அம்மாவின் படத்தை எடுப்பதா விடுவதா என்று யோசித்து, விட்டாள். கதவைப் பூட்டிக்கொண்டு மறுபடி ஏணியில் ஏறி இறங்கினாள். இறங்கிய இடத்தில் பௌஸி நின்றார். நாளைக் காலை இரண்டாம் அணிக்கும் அதே உரையை நிகழ்த்த முடியுமா என்று கேட்டார். இந்த முறை கொஞ்சம் நீளமாகப் பேசினாலும் பரவாயில்லை என்றார்.

அவள் ஹெல்மட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, த்ரீவீலில் அப்பாவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"கொட்டாஞ்சேனைக்கு," என்றாள்.

த்ரீவீல்காரன் யாரோடோ போனில் கதைத்துக்கொண்டிருந்தான். கதையை நிறுத்தாமலே, ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்பினான்.